முன்பே இருந்த இரண்டு லிட்டர்

சார் கரும்பலகையில் முதலில் எழுதுவது விடையைத்தான். வலது கீழ் மூலையில் விடை, அதைச் சுற்றிச் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெட்டி. ஸ்கேல் இல்லாமலே கோடு நேராக விழும். அதில் அவருக்குப் பெரிய கர்வம். பெட்டி முடிந்ததும் இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து, மாப்பிள்ளைக்கு மாலை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாமனைப் போலப் பார்ப்பார். பிறகுதான் பலகையின் மேல் மூலைக்குப் போய்க் கணக்கைத் தொடங்குவார். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கடைசியில் அந்தப் பெட்டிக்குள் போய் விழும். "பாத்தியாலே, எப்படி வந்து உக்காருதுன்னு" என்பார். உட்காராமல் எங்கே போகும்? கதவைச் சாத்திவிட்டுக் கோழியைத் துரத்தினால் அது கூடைக்குள்தான் வரும்.

விடை எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மேசை டிராயரில் ஒரு கைடு இருந்தது. கணக்குக்கு முன்னால் சாக்பீஸ் எடுக்கிற பாவனையில் டிராயரைத் திறந்து, கைடின் கடைசிப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாக்பீஸ் இல்லாமலே கையை வெளியே எடுப்பார். சாக்பீஸ் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மெடிக்கல் கடையின் மாடியில், தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதுதான் டியூஷன் சென்டர். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றுக்கும் இவர் ஒருவரே. இருந்த ஒரே ஃபேன் அவர் தலைக்கு மேல் சுற்றியது. வெயில் காலத்தில் நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே வெந்தோம்.

என் அப்பா பாலவனத்தத்தில் ஒரு மளிகைக் கடைக்கு லோடு இறக்குகிறவர். அம்மா நூல் மில்லுக்கு வேனில் போகிறவள். எங்கள் வகையறாவில் பத்தாம் வகுப்புக்கு மேல் போன முதல் ஆள் நான். கடை முதலாளிக்குச் சார் பழக்கம் என்பதால், பதினோராம் வகுப்பில் என்னை அங்கே அவரே சேர்த்துவிட்டார். முதல் நாள் அப்பா கூட வந்தார். துவைத்த சட்டைதான் போட்டிருந்தார். ஆனாலும் தோளில் மூட்டை உட்காருகிற இடம் சட்டையில் மட்டும் நைந்து, உள்ளே இருந்த தோல் தெரிந்தது. சார் என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. அந்தத் தோளை ஒரு தடவை பார்த்தார்.

"பன்னெண்டு முடிச்சதும் ஐ.டி.ஐ.யில விட்டுருங்க. ஃபிட்டர். நல்ல லைனு" என்றார்.

பெட்டி கட்டியாகிவிட்டது. இனிப் படிகள் வர வேண்டும். என் கையைப் பிடித்து அப்பாவிடம் காட்டினார். "கையப் பாருங்க, எவ்வளவு பெரிசா இருக்கு. ஸ்பானர் பிடிக்க வாகான கை." அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஊருக்குப் போகிற பஸ்ஸில் நான் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கையைவிட அது கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது.

இதே மனிதர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால், அவன் வாயைத் திறக்கும் முன்பே இன்ஜினியர் என்று சொல்லிவிடுவார். நகைக்கடை என்றால் டாக்டர். பரீட்சைத் தாள் திருத்துவதும் அதே முறைதான். கடைசி வரியை மட்டும் பார்ப்பார். கைடில் உள்ள எண் இருந்தால் முழு மதிப்பெண், இல்லாவிட்டால் முட்டை. நடுவில் என்ன எழுதினோம் என்பதற்கு அங்கே வேலையே இல்லை. இதைக் கண்டுபிடித்த ஒருவன், நடுவில் காரியாபட்டி போகிற பஸ்ஸெல்லாம் எத்தனை மணிக்கு என்று வரிசையாக எழுதி, கீழே விடையைப் போட்டுப் பெட்டியும் கட்டினான். பத்துக்குப் பத்து. 'வெரி குட்' என்றும் எழுதியிருந்தார்.

ஒருநாள் அவருடைய ஸ்கூட்டரின் பின் டயரில் காற்று இல்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த உடனே சொன்னார், கடைசி பெஞ்சுக்காரன்தான் பிடுங்கிவிட்டான் என்று. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் எவன் என்று அவருக்குத் தெரியாததால் இருவரையும் வெயிலில் ஸ்கூட்டரைத் தள்ள வைத்து, பஞ்சர் கடைவரை பின்னாலேயே நடந்து போனார். வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம். பஞ்சர் கடைக்காரர் டயரைச் சுற்றிக் கையால் தடவி, குறடை வைத்து ஒரு சீமைக்கருவேல முள்ளை உருவி எடுத்தார். விரல் நீளம் இருக்கும். எங்கள் பக்கத்து ரோட்டில் அது கிடக்காத இடம் கிடையாது. சார் அதைக் கையில் வாங்கினார். வேறு யாராக இருந்தாலும் அந்த இரண்டு பேருக்கும் ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள். சார் முள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "முள்ள எடுத்துக் குத்துனதும் இவனுகதான்" என்றார்.

பஞ்சர் கடைக்காரர் நிமிர்ந்து ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, டியூபைத் தண்ணீரில் முக்கினார்.

புத்தகத்தையும் சார் கடைசியிலிருந்துதான் தொடங்குவார். பள்ளியில் நடத்தாததை நாம் நடத்தினால்தான் மதிப்பு என்பது அவர் கணக்கு. அதனால் பள்ளியில் அளவீட்டிலேயே நின்றுகொண்டிருந்தபோது இங்கே வெப்ப இயக்கவியல் ஓடியது. வாயு விரிந்தால் அது செய்கிற வேலை எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற பாடம். அந்தப் பாடத்தில்தான் மாரீஸ்வரி எழுந்து நின்றாள்.

மாரீஸ்வரி பரளச்சிப் பிள்ளை. அப்பாவுக்கு அங்கே மானாவாரி நிலம். மழை பெய்தால் கம்பும் மிளகாயும், பெய்யாவிட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் படிப்பு என்று அவள் சித்தப்பாமார் சொல்லச் சொல்லக் கேட்காமல், அவளை நான் படித்த அதே டவுன் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்திருந்தார். அவளுக்கு இயற்பியல் என்றால் உயிர். நான் சொல்வது மிகையல்ல. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கணக்குப் போடுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கணக்கு இதுதான். பிஸ்டன் பொருத்திய ஓர் உருளைக்குள் இரண்டு லிட்டர் வாயு இருக்கிறது. சூடாக்கினால் ஐந்து லிட்டராக விரிகிறது. அழுத்தம் முழுக்க ஒரே அளவு, ஒரு லட்சம் பாஸ்கல். வாயு செய்த வேலை எவ்வளவு? இதில் சூட்சுமம் எதுவும் கிடையாது. வாயு பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு தள்ளியதோ அதுதான் கணக்கு. அழுத்தத்தை எடுத்து, பருமன் எவ்வளவு கூடியதோ அதனால் பெருக்க வேண்டும். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. இந்த அழுத்தத்தில் லிட்டருக்கு நூறு ஜூல். ஆக முந்நூறு ஜூல்.

சாரின் பெட்டியில் ஐநூறு ஜூல் இருந்தது. கைடில் அச்சுப் பிழையோ, அவர்தான் பக்கத்துக் கணக்கின் விடையைப் பார்த்தாரோ தெரியாது. படிகள் வழக்கம்போல மேலேயிருந்து இறங்கி வந்தன. ஐந்து கழித்தல் இரண்டு என்று எழுதிய இடத்தில் சாக்பீஸ் நின்றது. கீழே பெட்டியைப் பார்த்தார். மேலே பார்த்தார். பலகையில் சாக்பீஸை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கட்டைவிரலால் அந்தக் கழித்தலையும் இரண்டையும் சேர்த்துத் துடைத்தார்.

"இங்கதான் ட்ரிக்கு. ஆரம்பப் பருமனை எடுத்துக்கக் கூடாது. வாயு விரிஞ்சு முடிஞ்ச பொறவு ஆரம்பம்னு ஒண்ணு ஏது?"

ஐநூறு வந்து உட்கார்ந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டோம். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

"சார், அந்த ரெண்டு லிட்டரு முன்னாடியே உள்ள இருந்ததுதான. அதுக்கு எதுக்கு சார் வேலை?"

சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"பரளச்சி சார்."

"பரளச்சியில வாயு வேற மாதிரி விரியுமோ?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "இல்ல சார். எல்லா ஊருலயும் முன்னாடி இருந்ததக் கழிச்சுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். குரலில் ஒரு துளிகூட எகத்தாளம் இல்லை. எகத்தாளம் இருந்திருந்தால் அவர் பொறுத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் பஸ் நிலையம் போன பிறகுதான் டிபன் பாக்ஸை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பி மாடியேறினேன். அறையில் சார் மட்டும் இருந்தார். பலகையின் ஓரத்தில், சின்ன எழுத்தில், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தார். பெட்டி இல்லாமல், மேலேயிருந்து, எல்லோரும் போடுகிற மாதிரி. முந்நூறு. பக்கத்தில் லிட்டரைக் கனமீட்டராக மாற்றி இன்னொரு தடவை. முந்நூறு. என்னைப் பார்த்ததும் இரண்டையும் உள்ளங்கையால் தேய்த்து அழித்தார். "என்னலே?" என்றார். டிபன் பாக்ஸ் என்றேன். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். சிவப்புப் பெட்டியையும் அதற்குள் இருந்த ஐநூறையும் அவர் தொடவில்லை. மறுநாள் காலை பேட்சும் அதைப் பார்த்துத்தான் எழுதியது.

தெரியாமல் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவர் என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். தெரியாதது யாருக்கும் வெட்கமில்லை; எனக்குத் தெரியாதது மலைபோல இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது. முந்நூறைத் தன் கையால் எழுதிப் பார்த்துவிட்டு, அதை அழித்த கையோடு ஐநூறைக் காவல் காத்தவர் அவர்.

அந்த வாரக் கடைசியில் மாரீஸ்வரியின் அப்பாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை நிறைய மிளகாய் வத்தல். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்திருந்தார். சார் பையை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்.

"இங்க பாருங்கண்ணே. பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு ஏறாது. பள்ளிக்கூடத்துல குரூப் மாத்த இன்னும் டயம் இருக்கு. திங்கக்கிழமை போயி எழுதிக் குடுத்துருங்க. தொழிற்கல்வியில போட்டா ரெண்டு வருசத்துல வீட்டுக்கு வந்துரும். உங்களுக்கும் அலைச்சல் இல்ல."

மாரீஸ்வரியின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படித்தவர் சொன்னால் மாற்றுப் பேச்சில்லை என்று வளர்ந்தவர். சித்தப்பாமார் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று அந்த நிமிஷத்தில் அவர் நினைத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்.

"எதுல தப்பு விடுதான்னு சொன்னீகன்னா, கண்டிச்சுப் படிக்கச் சொல்லுவேன் சார்."

சாருக்கு இந்தக் கேள்வி பழக்கமில்லை. அதே கணக்கைக் கேட்டிருந்த வாரப் பரீட்சையில் அவள் எழுதிய தாளைத் தேடி எடுத்து, கடைசி வரியைக் காட்டினார். "பாருங்க. முந்நூறுன்னு போட்டிருக்கா. ஐநூறு வரணும்."

"அம்புட்டும் தப்பா தாயி?" என்று அவர் மகளைப் பார்த்தார்.

அவள் சாரைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "நம்ம தொட்டியில மழத்தண்ணி கொஞ்சம் கெடந்துச்சுல்லப்பா. மேலக்காட்டுக்காரரு மோட்டார் போட்டு மீதிய ரொப்பிவிட்டாரு. தொட்டி முழுக்க நான் ரொப்புனதுன்னு அவரு சொன்னா ஒத்துக்கிருவீகளா?"

"அதெப்படி. முன்னாடி கெடந்தத விட்டுட்டுத்தான் பேசணும்."

"அதத்தான் நான் எழுதியிருக்கேன். முன்னாடி கெடந்தத விடாம எழுதணும்ங்கிறாக."

அவர் சாரிடம் திரும்பினார். கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "பிள்ளை கேக்குறதுக்கு ஒரு பதிலு சொல்லிருங்க சார்."

"அண்ணே, அது விவசாயம். இது தெர்மோடைனமிக்ஸ்" என்றார் சார்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது, கால் எழுந்துவிட்டது. "சார், அன்னைக்குச் சாயங்காலம் நீங்களே போர்டுல முந்நூறுன்னு போட்டிருந்தீங்க. ரெண்டு தடவ" என்றேன்.

சார் என்னைப் பார்க்கவில்லை. கதவைக் கையால் காட்டினார். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாரீஸ்வரியும் அவள் அப்பாவும் வந்து, என்னைத் தாண்டிப் படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவர் நின்றார். மறுபடி மேலே ஏறி உள்ளே போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்துக் கதவோரம் எட்டிப் பார்த்தேன். அவர் நேராக மேசைக்குப் போய், குனிந்து, வத்தல் பையை எடுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்தபோது தோளில் தட்டி, "எந்த ஊருய்யா?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லா இருங்க" என்றார். திங்கட்கிழமை அவர் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கப் போகவில்லை.

மாரீஸ்வரி அதற்குப் பிறகு அந்த மாடிக்கு வரவே இல்லை. என்னால் அப்படிப் போகாமல் நிற்க முடியவில்லை, முதலாளி சேர்த்துவிட்ட இடம். சாராலும் என்னை அனுப்ப முடியவில்லை, அதே முதலாளி. அதனால் எனக்குக் கதவோரம் ஓர் இடம் ஒதுக்கினார். கரண்ட் போனால் கீழே மெடிக்கல் கடையின் ஜெனரேட்டர் புகை நேராக அங்கேதான் வரும். பையனுக்கு வாய் நீளம் என்று முதலாளியிடமும் சொல்லிவைத்தார். அது அப்பா காதுக்கு வந்தது. "பெரியவுககிட்ட பாத்துப் பேசுய்யா" என்றார் அப்பா. சாப்பிட்டுக் கை கழுவும்போது மறுபடி கேட்டார், "முந்நூறுதான?" ஆமாம் என்றேன். "அப்பச் சரி" என்றார்.

இரண்டு வருஷமும் நான் மாடியில் விடையையும், பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாரீஸ்வரியிடம் கணக்கையும் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. அவள் இயற்பியலில் நூற்றுக்கு நூறு. நான் எழுபத்தொன்பது.

முடிவு வந்த மறுநாளே டியூஷன் சென்டர் மாடிப்படியோரம், ஆள் உயரத்தில், ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. நடுவில் சார். நாங்கள் யாரும் பார்த்தே இராத ஒரு கோட்டு போட்டிருந்தார். சுற்றிலும் இட்லித்தட்டுக் குழிபோல வட்ட வட்டமாகப் பிள்ளைகளின் முகங்கள். அவருக்குப் பக்கத்திலேயே, மற்றவற்றைவிடப் பெரிய வட்டத்தில், மாரீஸ்வரி. சேரும்போது கொடுத்த பழைய போட்டோ. கீழே 'எங்கள் உழைப்பு' என்றும், நூற்றுக்கு நூறு என்றும் மஞ்சள் எழுத்து.

முதலாளி சொன்னார் என்று நான் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு அன்று மாடியில் நின்றிருந்தேன். மாரீஸ்வரியும் அவள் அப்பாவும் வந்தார்கள். இந்தத் தடவை கையில் பை இல்லை.

"பிள்ளை படத்தப் போட்டிருக்கீக சார். சந்தோசம்" என்றார் அவர். "இங்க அவ இருந்தது கொஞ்ச நாளு. மத்ததெல்லாம் முன்னாடியே கெடந்த தண்ணி, பள்ளிக்கூடத்துத் தண்ணி. அதக் கழிச்சுட்டுப் போடுங்க. கழிச்சா ஒண்ணும் மிஞ்சாதுன்னா படத்த எடுத்துருங்க."

"அதுக்கென்னண்ணே, மாத்திருவோம்" என்று சார் சிரித்தார். வெட்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அவர்கள் இறங்கிப் போனதும் என் பக்கம் திரும்பினார். பாஸ்போர்ட் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். கல்லூரி விண்ணப்பத்துக்கு எடுத்தது பையில் இருந்தது. என்னையும் ஒரு வட்டத்தில் சேர்க்கப் போகிறார் போல என்று கொடுத்தேன்.

மறுநாள் பார்த்தபோது, மாரீஸ்வரியின் முகத்துக்கு மேல் என் முகத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். பெயரும் என்னுடையது. நூற்றுக்கு நூறு மட்டும் அப்படியே இருந்தது.

மாடிக்கு ஓடினேன். உள்ளே புதிதாகச் சேர வந்த பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சார் என்னைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கைபோட்டார்.

"இந்தா, ஆளே வந்துட்டான். மூட்டை தூக்குறவர் மகன். மொத நாளே சொன்னேன், இவன் பிசிக்ஸ்தான்னு. கையப் பாருங்க, எவ்வளவு சின்னதா, நறுவிசா இருக்கு. பேனா பிடிக்க வாகான கை."

அவர் தூக்கிக் காட்டிய கையை நான் உருவிக்கொண்டேன். அவரை ஓரமாகக் கூப்பிட்டு, சார், என் மார்க் எழுபத்தொன்பது என்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "எழுபத்தொம்பதுன்னு போட்டா எவம்ப்பா வந்து சேருவான்?" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா மில்லிலிருந்து வரும்போது கையில் பூந்திப் பொட்டலம் இருந்தது. வேனில் வந்த பெண்களில் ஒருத்தி ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, உன் மகன் நூத்துக்கு நூறாம் என்று வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, முகம் தெரியும். வேன் முழுக்கப் பூந்தி கொடுத்துவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். நான் எழுபத்தொன்பது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அதற்கு மேல் ஏதோ கூடிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

சொன்னேன். யாருடைய மார்க், யாருடைய முகம், எல்லாம்.

அம்மா பொட்டலத்தை மடித்து வைத்தாள். "அப்ப மூஞ்சி மட்டுந்தான் நம்மளதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அந்தப் பரளச்சிப் பிள்ளையப் பெத்தவ பஸ்ஸுல போகும்போது இதப் பாத்தா என்ன நெனைப்பா?"

மறுநாள் மில் வேன் பஸ் நிலையத்துப் பக்கம் வந்தபோது, டிரைவரை நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கியிருக்கிறாள். இறங்கி, நேராக ஃப்ளெக்ஸிடம் போய், ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்திருக்கிறாள். மெடிக்கல் கடைக்காரர் என்னம்மா என்று கேட்டதற்கு, "எம்மகன கூட்டிட்டுப் போறேன்" என்றாளாம். வேனில் இருந்தவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். பசை வலுவானது. அடியில் இருந்த மாரீஸ்வரியும் சாயத்தோடு உரிந்து அதே ஸ்டிக்கரின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மதியம் நான் போய்ப் பார்த்தபோது ஃப்ளெக்ஸில் மற்ற முகங்களுக்கு நடுவே, கோட்டு போட்ட சாருக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளை வட்டமும் அதற்குக் கீழே நூற்றுக்கு நூறும்தான் இருந்தன. சார் அதை மாற்றவில்லை. அவருக்கு வேண்டியது கீழே இருந்த எண்தான். அந்த எண்ணைப் பார்த்துச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

சாயங்காலம் அம்மா முந்தானையிலிருந்து என் முகத்தை எடுத்தாள். கசங்கியிருந்தது. சோற்றுப் பசை தடவி, உள்கதவில் ஒட்டி, கசங்கல் போக உள்ளங்கையால் நீவினாள். பிறகு மிச்சமிருந்த பூந்திப் பொட்டலத்தை எடுத்துப் பையில் வைத்தாள். நாளைக்கு வேனில் எழுபத்தொன்பது என்று சொல்லிக் கொடுப்பதற்காம்.

"இங்க வா. ஓம் மார்க்க இதுக்குக் கீழ எழுது" என்றாள்.

எழுதினேன். பழக்கத்தில் கை பெட்டி கட்டப் போனது. பேனாவை மூடி வைத்தேன்.